ஜவுளிக்கடை வேலையும் மன அழுத்தமும்: உட்காரும் உரிமைச் சட்டம் கடைக்குள் வந்திருக்கிறதா?

#1 தென்காசித்தம்பி

வேலை அழுத்தம், ஊழியர் நலம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராக ஐ.டி. கம்பெனிக்குப் போய்விடுகிறது. தியான வகுப்பு, வீட்டிலிருந்து வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் அனுப்பும் மெயில். நானும் அந்தத் துறைதான், அங்கே இருக்கும் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் நிறைய பேர் போவது ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும்தான். தி.நகரோ மதுரையோ கோவையோ, எங்கே பெரிய கடை திறந்தாலும் தென்காசி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும் வரைக்கும் காலில்தான் இருப்பார்கள்.

இதற்காகவே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று. என் தங்கை வேலை பார்க்கும் கடையில் (பெயர் வேண்டாம்) ஸ்டூல் வாங்கியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கிறது. லேபர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்தால் ஃப்ளோருக்கு வரும், அவர்கள் படியிறங்கியதும் குடோனுக்குத் திரும்பும்.

உங்கள் கடையில், உங்கள் ஊரில் நிலைமை என்ன? நிஜமாகவே ஸ்டூல் போட்ட இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன மாறியது? வேலை பார்ப்பவர்கள், பார்த்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள். கடைப் பெயர் மட்டும் யாரும் போட வேண்டாம், யார் வேலைக்காவது வினையாகிவிடும்.

#2 பழைய_சேல்ஸ்மேன்

தம்பி, நான் சென்னையில் ஒரு பெரிய கடையில் பேன்ட், ஷர்ட் செக்‌ஷனில் இருந்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் தைரியமாக எழுதலாம்.

வெளியில் இருப்பவர்கள் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்பார்கள். அந்த நாட்களில் உடம்பு நொந்துபோகும், நிஜம்தான், ஆனால் எடுக்க, பிரிக்க, மடிக்க, பில்லுக்கு அனுப்ப என்று ஓடிக்கொண்டே இருப்பதால் பொழுது போவது தெரியாது. கொடுமை எல்லாம் கூட்டம் இல்லாத நாளில்தான். செவ்வாய், புதன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஃப்ளோரில் ஒரு கஸ்டமர் இருக்கமாட்டார். அப்போதும் நிற்க வேண்டும். ரேக்கில் சாயக் கூடாது, கையைக் கட்டக் கூடாது, பக்கத்து செக்‌ஷன் பையனிடம் பேசக் கூடாது. சும்மா நிற்கிறான் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று நன்றாக மடித்து வைத்த சட்டையையே பிரித்து மறுபடியும் மடிப்போம். அந்த நேரத்தில் பத்து நிமிஷம் உட்கார விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. கால் வலியைவிட, நம்மை நம்பமாட்டேன் என்கிறார்களே என்ற எண்ணம்தான் ராத்திரி தூங்க விடாது.

அப்புறம் தண்ணீர். பாத்ரூம் பேஸ்மென்ட்டில் இருக்கும், நாங்கள் நான்காவது மாடி, லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், தாமதமானால் எல்லார் முன்னாலும் கேள்வி வரும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம்.

#3 பிசியோ_மதுரை

பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை ஊழியர்கள், பரோட்டா மாஸ்டர்கள், டீச்சர்கள், டிராஃபிக் போலீஸ், இவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி புகாரோடுதான் வருவார்கள். முட்டிக்குக் கீழே கனம், சாயங்காலம் கணுக்கால் வீக்கம், காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் குத்தல், இடுப்பு வலி, நம் மக்கள் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொல்லும் வெரிகோஸ் வெயின்.

ஏன் இப்படி என்றால், காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், புவியீர்ப்பை எதிர்த்து. அந்த வேலையில் பெரிய பங்கு கெண்டைக்கால் தசைக்கு. நடக்கும்போது அது சுருங்கி விரியும், ஒவ்வொரு தடவையும் ரத்தத்தை மேலே தள்ளும், சிரைகளுக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் அது மறுபடி கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் பம்ப் நின்றுபோகும், ரத்தம் கீழேயே தேங்கும், அழுத்தம் கூடும். வருஷக்கணக்கில் இப்படிப் போனால் வால்வு தளர்ந்து சிரை புடைத்துக்கொள்ளும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கர்ப்ப காலத்தில், எடை கூடுதலாக இருந்தால் சீக்கிரம் வரும். அதனால் பழைய சேல்ஸ்மேன் சொன்ன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருத்துவப்படியும் சரிதான். ஓடிக்கொண்டிருக்கும் நாளைவிட ஒரே இடத்தில் விறைத்து நிற்கும் நாள் காலுக்குக் கெடுதல்.

இதற்காக நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் தீர்வு இல்லை, ஐ.டி. நண்பர்களின் முதுகைக் கேட்டால் தெரியும். நிற்பதும் உட்காருவதும் நடப்பதும் மாறி மாறி வர வேண்டும். எப்போது மாறுவது என்பதை அந்த உடம்புக்காரர் முடிவு செய்ய வேண்டும், சூப்பர்வைசர் இல்லை.

ஒரு தகவல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. சம்பளத்தில் பிடித்தம் போகிறது, ஆனால் கார்டை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாதவர்களை நிறைய பார்க்கிறேன். காலில் நரம்பு புடைக்க ஆரம்பித்தவுடனே போய்க் காட்டுங்கள், புண் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

#4 பஜார்_கடை

நான் கடை வைத்திருப்பவன். ஜவுளிதான், நீங்கள் சொல்லும் ஏழு மாடி இல்லை, ஒரே தளம், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் முதலாளியை ராட்சசன் மாதிரி எழுதுவதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

கஸ்டமர் உள்ளே வரும்போது பையன் உட்கார்ந்திருந்தால், எழுந்து வருவதற்குள் அவர் மனசு மாறிவிடும். எதிரிலேயே இன்னொரு கடை. "கவனிக்க ஆளில்லை" என்று நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆன்லைன் வந்த பிறகு எங்களை மாதிரிக் கடைக்கு மிச்சம் இருப்பது அந்த "வாங்க வாங்க" மட்டும்தான். அதில் சுணக்கம் வந்தால் வாடகைகூடக் கட்ட முடியாது. இன்னொன்று, இடம். ரேக்குக்கும் கவுன்ட்டருக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கிறது, ஒன்பது ஸ்டூலை எங்கே போடுவேன்? ஏழு மாடிக் கடைக்கும் எனக்கும் ஒரே சட்டம் என்றால் எப்படி?

பிள்ளைகள் கால் வலியோடு வீட்டுக்குப் போவது எனக்கும் தெரியும். நானும் முப்பது வயது வரைக்கும் இன்னொருவர் கடையில் நின்றவன்தான்.

#5 காஞ்சிபுரத்துக்காரி

அண்ணாச்சி, உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதைக் குறைவு என்று இருந்தால் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கூட விற்றிருக்காது. இன்றைக்கும் எங்கள் ஊரில் எத்தனையோ கடைகளில் பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். பின்னால் ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார், முன்னால் உட்கார்ந்திருப்பவர் முந்தானையைப் பிரித்துக் காட்டுவார். கல்யாணப் பட்டு, லட்சக்கணக்கில் வியாபாரம். அவர் உட்கார்ந்திருந்தார், மரியாதை இல்லை என்று எழுந்து போன ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

நிற்பதுதான் மரியாதை என்பது கண்ணாடி ஷோரூம் வந்த பிறகு பழகிக்கொண்டது.

#6 தொழிலாளர்_வழக்கு

வக்கீலாக இருக்கிறேன், தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாகச் சொன்னால் விவாதத்துக்கு உதவும்.

1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தார், அதே மாதம் நிறைவேறியது. அதற்கு முன்பே 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இதற்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. பிரிவு சொல்வது இதுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை இருக்கக் கூடாது.

அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. கஸ்டமர் வரும்போது எழுந்து கவனிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார முடிய வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது பேருக்கு ஒன்பது ஸ்டூல் என்று எண்ணிக்கையும் எழுதப்படவில்லை.

ஆனால் எண்ணிக்கை இல்லாததுதான் பலவீனமும். இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று தனியாக ஒரு சட்டம் போட்டார்கள், மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்று கணக்கும் கொடுத்தார்கள். நம் சட்டத்தில் "தகுந்த" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆய்வுக்கு வருகிறவர் என்ன செய்வார்? ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்கிறது என்று எழுதுவார். உட்கார்ந்தவரை ஏசினார்களா என்பது அந்தப் படிவத்தில் வராது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஃபாக்டரிகளுக்கு இந்த உரிமை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே வந்துவிட்டது. நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று. கடைக்காரப் பிள்ளைகளுக்கு அது வந்துசேர 73 வருஷம் ஆகியிருக்கிறது.

ஸ்டூலுக்கு முன்னால் நேரத்தைப் பேச வேண்டும் என்பது என் கருத்து. அதே 1947 சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கொடுத்தாலும் நாளைக்குப் பத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு முழுசாக ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை கிடைக்கிறது?

#7 கோழிக்கோட்டுத்_தமிழன்

கேரளத்தில் இந்தச் சட்டம் 2018-ல் வந்தது, நம்மைவிட மூன்று வருஷம் முன்னால். அதுவும் மேலிருந்து வரவில்லை. இங்கே கோழிக்கோட்டில் எஸ்.எம். தெரு என்று ஒன்று இருக்கிறது, மிட்டாய்த் தெரு என்பார்கள், நம் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலான கடைத்தெரு. அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்த பி.விஜி என்பவர் கடைப் பெண்களைச் சேர்த்து 2009-ல் பெண்கூட்டு என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியைக்கூட இல்லை, கழிப்பறையை. அந்தத் தெருவில் வேலை செய்த பெண்களுக்குப் போக இடமே இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்காரும் உரிமை. திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையில் பெண்கள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். இதையெல்லாம் கடந்துதான் 2018 வந்தது. அந்த வருஷம் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணால் பார்க்கிறேன். உட்கார்ந்திருக்கும் பெண்ணை இங்கே சூப்பர்வைசர் எழுப்பினால் அவர் திருப்பிக் கேட்பார், பக்கத்துக் கடைப் பெண்ணும் கூட வந்து நிற்பார். கேட்டு வாங்கியது என்பதால் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டம் சுலபமாக வந்துவிட்டது, நல்லதுதான், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே ஃப்ளோரில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியவில்லை.

#8 மனிதவளம்_கோவை

எச்.ஆர். வேலையில் இருக்கிறேன், சில்லறை வியாபாரத் துறையில். ஸ்டூலோடு பேச்சு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கவுன்சலிங், யோகா, வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம், பிறந்தநாளுக்கு ஒரு கேக், மாதச் சிறந்த ஊழியர் விருது, இதெல்லாம் மனசுக்குத் தெம்பு கொடுக்கும். எங்கள் கிளைகளில் செய்கிறோம். பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள், அதை யாரும் மறுக்க முடியாது.

இன்னொரு பக்கம், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன்னுடைய புதிய நோய் வகைப்பாட்டில் பர்ன்-அவுட்டை (வேலையால் ஆள் முழுக்கச் சோர்ந்துபோவதை) விளக்கியபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றுதான் சொன்னது. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வருவது. அதாவது பிரச்சினை ஆளிடம் இல்லை, வேலையிடத்தில். இதை நான் நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கேக்குக்குப் பணம் உடனே வருகிறது, கூடுதலாக இரண்டு ஆளுக்குக் கேட்டால் வருவதில்லை.

#9 மூன்றாம்_மாடி

நான் இப்போதும் வேலையில் இருக்கிறேன். சுடிதார் செக்‌ஷன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எச்.ஆர். அக்கா எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அக்கா, கோபப்படாதீர்கள். எங்களுக்கும் யோகா வைத்தார்கள். காலையில் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொன்னார்கள். அன்றைக்கு ஹாஸ்டலில் அத்தனை பேரும் அஞ்சு மணிக்கே எழுந்து, இருக்கும் ரெண்டு பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, சாப்பிடாமல் வந்தோம். அதுவும் எங்கள் தூக்கத்திலிருந்து எடுத்த நேரம்தான்.

எங்களுக்கு எது அழுத்தம் என்று நானே சொல்கிறேன். ஃபோன். காலையில் லாக்கரில் வைத்துவிட வேண்டும், ராத்திரிதான் கையில் கிடைக்கும். என் கூட இருக்கும் பிள்ளையின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவளுக்கு ராத்திரி பத்தரைக்குத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து கடை நம்பருக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவசரத்துக்குத் தகவல் வந்தால் உடனே சொல்வோம் என்று ஒரு வார்த்தை, அதை நிஜமாகச் செய்யும் ஒரு ஆள், அது இருந்தால் நாள் முழுக்க வயிற்றைப் பிசைந்துகொண்டு நிற்கமாட்டோம்.

லீவு. வாரத்தில் எந்த நாள் லீவு என்று முந்தின நாள் ராத்திரிதான் சொல்வார்கள். ஊருக்குப் போகலாமா, யாரையாவது வரச் சொல்லலாமா என்று ஒன்றும் யோசிக்க முடியாது. லீவு கூடுதலாக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

பீஸ் காணாமல் போனால் செக்‌ஷனில் இருக்கும் எல்லார் சம்பளத்திலும் பிடிப்பார்கள். கூட்ட நாளில் யார் எடுத்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் கஸ்டமரிடம் சிரித்துக்கொண்டே கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டும் செய்து பாருங்கள், தலை வலிக்கும்.

மாசத்தில் அந்த மூன்று நாள் பற்றி நான் எழுதவே வேண்டாம். ஸ்டூல் அப்போதுதான் ரொம்ப வேண்டியிருக்கிறது, அப்போதுதான் கேட்க வாயும் வராது. சூப்பர்வைசர் ஆம்பிளை.

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றால், அடிப்பதெல்லாம் இல்லை. "என்ன மகாராணி, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போறியா" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அதற்கு நின்றுகொண்டே இருக்கலாம்.

#10 தென்காசித்தம்பி

மூன்றாம்_மாடி, எழுதியதற்கு ரொம்ப நன்றி தங்கச்சி. கேட்டதில் பாதிக்கு மேல் செலவே இல்லாதவை. ஃபோன் தகவல், லீவு முன்கூட்டி, மரியாதையான பேச்சு. இதற்கு எந்த நிபுணரும் வர வேண்டியதில்லை.

#11 மனிதவளம்_கோவை

கோபம் இல்லம்மா, நீ எழுதியது உண்மை. யோகாவை வேலை நேரத்துக்குள் வைக்கச் சொல்லி எங்கள் இடத்தில் கேட்கப்போகிறேன், முடியாது என்றால் நிறுத்தச் சொல்வேன். சூப்பர்வைசர் ஆம்பிளை என்று எழுதியிருந்தாயே, பெண்களுக்கு ஒரு பெண் பொறுப்பாளர் ஒவ்வொரு மாடியிலும் இருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகார்க் குழு இருப்பது 2013 சட்டப்படி கட்டாயம். உங்கள் கடையில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

#12 ஃப்ளோர்_சூப்பர்வைசர்

எல்லாரும் திட்டும் ஆள் நான்தான். பெண்களிடம் அந்த மாதிரிப் பேசுவதை நான் நியாயப்படுத்தமாட்டேன், அது தப்பு. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையில் ஒவ்வொரு மாடியிலும் கேமரா. முதலாளி வீட்டு ஆட்கள் ஃபோனிலேயே பார்ப்பார்கள். ஒரு பையன் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, எனக்கு ஃபோன் வரும், "மூணாவது மாடியில் என்ன நடக்குது?" நான் போய் எழுப்புவேன். என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை, எனக்கும் ஸ்டூல் கிடையாது. மாசக் கடைசியில் டார்கெட் வராவிட்டால் என் இன்சென்டிவ் போகும், பேச்சும் எனக்குத்தான் விழும்.

அதனால் நான் சொல்வது, ஸ்டூல் வாங்கிப் போடுவது முக்கால்வாசி வேலை இல்லை, கால்வாசிதான். உட்காரலாம் என்பதை முதலாளி தன் வாயால், எல்லாரும் இருக்கும் காலைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரிடம் தனியாகச் சொல்லக் கூடாது. நான் இதற்கு முன்னால் இருந்த கடையில் மேனேஜர் அப்படித்தான் சொன்னார். செக்‌ஷனுக்கு ரெண்டு ஸ்டூல், கூட்டம் இல்லாதபோது மாறி மாறி உட்காருங்கள், கஸ்டமர் மாடி ஏறினால் முதலில் நிற்பவர் போகட்டும், உட்கார்ந்திருப்பவர் அடுத்த கஸ்டமருக்கு எழுந்தால் போதும் என்று முறை வைத்தார். முதல் வாரம் ஒருத்தர்கூட உட்காரவில்லை, பயம். அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃப்ளோர் நடுவில் உட்கார்ந்தார். அப்புறம்தான் பழகினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரும் கூட்டத்தைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் கவனித்தார்கள், அது எனக்கே தெரிந்தது. இப்போது இருக்கும் கடையைவிட அங்கே வேலையை விட்டுப் போனவர்களும் குறைவு.

#13 ஓ.எம்.ஆர்_வாசி

ஐ.டி.யை விட்டுவிட்டு இதை மட்டும் பேசுவது ஏன் என்று கேட்கலாம் என்றுதான் உள்ளே வந்தேன். படித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. இருந்தாலும் ஒன்று. அழுத்தம் என்றால் பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் அதிகம் என்று ஒரு நம்பிக்கை நம் எல்லாருக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. பதவி இறங்க இறங்க இதய நோயால் சாவது கூடுதலாக இருந்தது. ராபர்ட் கராசெக் என்பவர் 1979-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்: வேலைப் பளு அதிகம், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு, இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆள் நொறுங்கிப்போகிறார். ஜவுளிக்கடை ஃப்ளோர் அப்படியே அந்த இடம். எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது உட்காருவது என்பதைக்கூட இன்னொருவர் முடிவு செய்கிறார்.

நேரம் பற்றி வக்கீல் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததும் முதலில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள். ஃபாக்டரிக்குச் சங்கம் இருக்கிறது, குரல் கொடுத்தார்கள். ஜவுளிக்கடையில் எழுதப்படாமலே அந்த 12 மணி நேரம் நடந்துகொண்டிருக்கிறது, கேட்க ஆளில்லை.

#14 காஞ்சிபுரத்துக்காரி

வாங்கப் போகிற நாமும் கொஞ்சம் யோசிக்கலாம். ஐம்பது புடவை பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் வருவது நம் உரிமைதான், இருக்கட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கிய பிறகு உள்ளே நுழைந்து "அஞ்சே நிமிஷம்" என்கிறோமே, அதை விடலாம். உட்கார்ந்திருக்கும் பெண் எழுந்தால் "இருங்கம்மா, நானே பார்க்கிறேன், வேணும்னா கூப்பிடுறேன்" என்று மேனேஜர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லலாம். ரிவ்யூ எழுதுகிறவர்கள் "ஊழியர்கள் உட்கார இடம் இருக்கிறது, நன்றாகக் கவனித்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்தால், அண்ணாச்சி பயப்படும் அந்த நட்சத்திரம் இந்தப் பக்கமும் வேலை செய்யும்.

#15 மூன்றாம்_மாடி

வக்கீல் சார், புகார் கொடுத்தால் யார் கொடுத்தது என்று கடைக்குத் தெரிந்துவிடுமா? வேலையை விட்டு அனுப்பினால் என்ன செய்வது? ஹாஸ்டலும் அவர்களுடையதுதான், வேலை போனால் அன்றைக்கு ராத்திரி தங்கவே இடம் இருக்காது.

#16 தொழிலாளர்_வழக்கு

நியாயமான பயம், அதனால் நீ நேரில் போய்க் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். வெளியில் இருப்பவர் யாரும் அங்கே எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். தென்காசித்தம்பி மாதிரி அண்ணனோ ஒரு தொழிற்சங்கமோ கொடுப்பதுதான் பத்திரம். மனுவில் உன் பெயரோ செக்‌ஷனோ வர வேண்டியதில்லை. "ஸ்டூல் இல்லை" என்று மட்டும் எழுதக் கூடாது, ஆய்வு நாளில் ஸ்டூல் வந்துவிடும். எந்த மாடியில், எந்த நேரத்தில், எங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுதி, முன்னறிவிப்பு இல்லாமல் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து பாருங்கள், ஊழியர்களைத் தனியாகக் கேளுங்கள் என்று கேட்க வேண்டும். வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளை, சம்பளப் பிடித்தம் இதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் பதிவேடுகளைக் கேட்பார்கள்.

வேலைக்கு வந்து ஆறு மாதம் தொடர்ந்து ஆகியிருந்தால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீடும் செய்யலாம். அதற்கு நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, ஐ.டி. கார்டு, பி.எஃப். நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர் எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்துவிடு. ஹாஸ்டல் விஷயத்தில் சட்டத்தை வைத்து அன்றைக்கு ராத்திரியே ஒன்றும் செய்ய முடியாது, பொய் சொல்லமாட்டேன். அதனால்தான் ஒருத்தியாகப் போகக் கூடாது.

#17 பழைய_சேல்ஸ்மேன்

நான் கொடுக்கிறேன் சார் மனு. எனக்கு இப்போது அந்தத் தொழிலில் யாரிடமும் வேலை கேட்க வேண்டிய நிலை இல்லை. தென்காசித்தம்பி, தனிச்செய்தியில் வாங்க, எந்தக் கடை, எந்த ஊர் என்று சொல்லுங்க.

#18 பஜார்_கடை

எல்லாவற்றையும் படித்தேன். பெரிய கடைகளில் நடப்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது. என் கடையில் மத்தியானம் ஒன்றரையிலிருந்து நான்கு வரைக்கும் கூட்டம் இருக்காது, அந்த நேரத்தில் உட்காரலாம் என்று நாளைக்குக் காலையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். லீவு நாளையும் மாசத் துவக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம், அதில் எனக்குக் கஷ்டம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள் மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, உள்ளதைச் சொல்கிறேன். வக்கீல் சார் இதைச் சட்டப்படி தவறு என்பார், அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

பிசியோ தம்பி, இடம் ரெண்டடிதான் இருக்கிறது என்று சொன்னேனே. என்ன மாதிரி ஸ்டூல் வாங்குவது?

#19 தொழிலாளர்_வழக்கு

தீபாவளிக்கும் அதே சட்டம்தான் அண்ணாச்சி. அந்தப் பதினைந்து நாளுக்குத் தற்காலிகமாக இரண்டு பேரைக் கூடுதலாகப் போட்டால் இடைவேளை கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

#20 பிசியோ_மதுரை

அண்ணாச்சி, சாதாரண பிளாஸ்டிக் முக்காலி வாங்காதீர்கள், ரொம்பத் தாழ்வாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்க முட்டிக்குத்தான் சுமை. கவுன்ட்டர் உயரத்தை அளந்து, அதைவிட ஒரு அடி குறைவாக உட்காரும் பலகை வருகிற மாதிரி உயர ஸ்டூல், கீழே கால் வைக்கச் சுற்றுக் கம்பி இருக்க வேண்டும், முதுகுக்குச் சின்னச் சாய்வு இருந்தால் இன்னும் நல்லது. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கஸ்டமர் கண்ணுக்கு நேராக முகம் இருக்கும், எழுந்திருக்கவும் நொடிதான் ஆகும். பலகை வட்டமாக, ஒரு அடி அகலத்தில் இருந்தால் உங்கள் ரெண்டடியில் கவுன்ட்டருக்கு அடியில் தள்ளிவிடலாம். ஒன்பது பேருக்கு நான்கு வாங்குங்கள். நிற்கும் இடத்தில் தரை கிரானைட்டா? அப்படி என்றால் ரப்பர் மேட் போடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்லாதீர்கள். கவுன்ட்டர் அளவை இங்கே போட்டால் சரியான உயரத்தைச் சொல்கிறேன்.